பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்ல குறிப்பு எழுத விடமாட்டேங்குதா? இப்படி பண்ணிப் பாருங்க

மாசாமாசம் மெயில்ல வர்ற பேங்க் ஸ்டேட்மென்ட்ட திறந்து, இது யாருக்கு போட்டது, அது எதுக்கு போனதுன்னு பக்கத்துல ஒரு வரி எழுதலாம்னு பாத்தா எழுதவே விடாது. ஹைலைட் பட்டன் மங்கிப்போய் கிடக்கும், கமெண்ட்ட அமுக்குனா ஒண்ணும் நடக்காது. நான் மதுரையில கீழமாசி வீதி, தெற்கு மாசி வீதி பக்கம் சின்ன கடைகளுக்கு கணக்கு எழுதிக் கொடுக்குறேன், ஜூன் ஜூலை பொறந்துட்டா கடைக்கு கடை இதே கேள்விதான். ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதி வச்சா எல்லாருக்கும் ஆகும்னு எழுதுறேன்.

முதல்ல இந்தக் குறிப்பு ஏன் முக்கியம்னு சொல்லிடுறேன். பணம் எந்தக் கணக்குக்கு போச்சுன்னு பேங்க்குக்கு தெரியும், எதுக்கு போச்சுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் ஆறு மாசம் போனா உங்களுக்கும் மறந்துடும். ஒரு மளிகை மொத்தக்கடை அண்ணாச்சிகூட உக்காந்து பாத்தப்ப ஒரு வரி இப்படி இருந்துச்சு: யுபிஐ, அப்புறம் 12 இலக்க நம்பர், அப்புறம் பாதியில வெட்டுன ஒரு பேரு, பக்கத்துல 8,500 ரூபா டெபிட். பேரப் பாத்தா யாருன்னே தெரியல. அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "ஏப்பா, அது விருதுநகர்ல இருந்து வத்தல் லோடு வந்துச்சுல்ல, அந்த லாரி டிரைவரோட மகன் நம்பருக்கு வாடகை போட்டேன்"னாரு. இத எந்த சாஃப்ட்வேரும் கண்டுபிடிக்காது. ஆடிட்டரு கேக்குற அன்னைக்கு அண்ணாச்சி ஊர்ல இல்லைன்னா அந்த 8,500 சொந்தச் செலவுல போய் உக்காந்துக்கும், கடைக்கு வாடகைச் செலவா காட்ட வேண்டியது காட்டாம போயிடும்.

சரி, இப்ப பூட்டுக்கு வருவோம். பிடிஎஃப்ல ரெண்டு விதமான பாஸ்வேர்ட் உண்டு. ஒண்ணு ஃபைல திறக்குறதுக்கு, இன்னொண்ணு அதுல என்னென்ன செய்யலாம்னு அனுமதி குடுக்குறதுக்கு. கடை ஷட்டர் சாவி வேற, கல்லாப்பெட்டி சாவி வேறன்னு வச்சுக்கங்க. பேங்க் உங்க கையில குடுக்குறது ஷட்டர் சாவி மட்டும்தான், அதனாலதான் பாஸ்வேர்ட் சரியா போட்டு திறந்த பிறகும் எழுத முடியல, ஃபைல் கெட்டுப்போச்சுன்னோ போன்ல கோளாறுன்னோ நினைக்க வேணாம். எது பூட்டிக்கிடக்குன்னு பாக்க, கம்ப்யூட்டர்ல அடோபி ரீடர்ல ஃபைல திறந்து கண்ட்ரோல் டி அமுக்குங்க, வர்ற பெட்டியில செக்யூரிட்டின்னு ஒரு டேப் இருக்கும். அதுல பிரிண்டிங் அலவ்டு, கமெண்ட்டிங் நாட் அலவ்டுன்னு ஒவ்வொண்ணா போட்டிருக்கும். பிரிண்டிங் அலவ்டுன்னு இருந்தா உங்க வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

மூணாவதா ஒண்ணு இருக்கு, டிஜிட்டல் கையெழுத்து. பல பேங்க் ஸ்டேட்மென்ட்ல கடைசிப் பக்கத்துலயோ மூலையிலயோ மஞ்சக் கேள்விக்குறியோ பச்ச டிக்கோ இருக்கும் பாத்திருப்பீங்க. இந்த ஃபைல்ல பேங்க் குடுத்ததுக்கு அப்புறம் யாரும் கை வைக்கலைன்னு காட்டுறதுக்கு அது. கையெழுத்து போடும்போதே இதுல எதையும் மாத்தக்கூடாதுன்னு சேத்து போட்டிருந்தா, வேற பூட்டு எதுவும் இல்லாட்டாலும் கமெண்ட் எழுத விடாது. மஞ்சக் கேள்விக்குறி இருந்தா டூப்ளிகேட்னு பயப்படாதீங்க, கையெழுத்து போட்டவரோட சான்றிதழ உங்க கம்ப்யூட்டர் இன்னும் நம்பல, அம்புட்டுத்தான்.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, இந்தப் பூட்ட உடைக்கணும்னு நினைக்குறதே தப்பான பாதை. பேங்க் அனுப்புன ஒரிஜினல் ஃபைல் அப்படியே இருக்கட்டும், அதுல ஒரு புள்ளிகூட வைக்காதீங்க, எழுதுறதெல்லாம் நகல்ல எழுதுங்க. நான் எல்லார்கிட்டயும் முதல்ல சொல்றது இததான், கீழ எழுதுறது பூராவும் இத வச்சுத்தான்.

ஃபைலே திறக்க மாட்டேங்குதுன்னு சில பேரு வருவாங்க, அத சுருக்கா முடிச்சுடுவோம். பாஸ்வேர்ட் எப்படி போடணும்னு அந்த மெயில்லயே எழுதியிருக்கும், கஸ்டமர் ஐடியா, பேரோட முதல் நாலு எழுத்தும் பொறந்த தேதியுமா, மொபைல் நம்பரோட கடைசி இலக்கமும் தேதியுமான்னு பேங்க்குக்கு பேங்க் மாறும். நம்ம ஊர்ல இதுல அடிக்கடி மாட்டுறது இனிஷியல். பேங்க் ரெக்கார்டுல எஸ் முருகேசன்னு இருக்கா, முருகேசன் எஸ்னு இருக்காங்கிறத பொறுத்து முதல் நாலு எழுத்தே மாறிடும், ரெண்டையும் போட்டுப் பாருங்க, இனிஷியலுக்கு அப்புறம் வர்ற புள்ளியும் இடைவெளியும் இல்லாம போடுங்க, சின்ன எழுத்தா பெரிய எழுத்தான்னும் பாருங்க. பெரியவங்களுக்கு இன்னொரு சிக்கல், கணக்கு ஆரம்பிச்ச காலத்துல பொறந்த தேதி சரியா தெரியாம ஜனவரி 1னோ பள்ளிக்கூடத்துல குடுத்த தேதியோ போட்டிருப்பாங்க, ஆதார்ல வேற தேதி இருக்கும், பேங்க்ல இருக்குற தேதிதான் இதுக்கு செல்லும். ரெண்டு பேரு சேந்து வச்சிருக்குற கணக்குன்னா முதல் பேருக்காரரோட விவரத்த போட்டுப் பாருங்க. மெயில்ல பிடிஎஃப்புக்கு பதிலா வேற மாதிரி ஃபைல் வந்து, திறந்தா நெட்பேங்கிங் பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்டா அது ஸ்டேட்மென்ட்டே இல்ல, மூடிட்டு அழிச்சுடுங்க.

இப்ப வழிக்கு வருவோம். பிடிஎஃப்கூட மல்லுக்கட்டுறதுக்கு முன்னாடி நெட்பேங்கிங்ல போய் ஸ்டேட்மென்ட் டவுன்லோட் பண்ற இடத்துல ஃபார்மட் என்னென்ன இருக்குன்னு பாருங்க. நெறைய பேங்க்ல பிடிஎஃப் பக்கத்துலயே எக்செல் இல்லைன்னா சிஎஸ்வின்னு (எக்செல்ல திறக்கக்கூடிய வெறும் எழுத்து ஃபைல்) இருக்கும், அது யாரு கண்ணுலயும் படாது. அது கிடைச்சா குறிப்பு எழுத அதவிட நல்ல இடம் கிடையாது, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல உங்க இஷ்டத்துக்கு கட்டம் போட்டு எழுதலாம், வடிகட்டிப் பாக்கலாம், கூட்டிப் பாக்கலாம். நான் எப்பவும் கடைசியில நாலு கட்டம் சேப்பேன்: யாரு, எதுக்கு, பில் இருக்கா, கடையா வீடா. அந்த நாலாவது கட்டம் ரொம்ப முக்கியம், நம்ம ஆளுங்க ஒரே கணக்குலதான் சரக்குக்கும் போடுவாங்க, பிள்ளைக்கு ஃபீஸும் கட்டுவாங்க, சித்திரைத் திருவிழாவுக்கு மண்டகப்படி பணமும் போகும், பிரிச்சு எழுதாட்டி வருஷக் கடைசியில யாராலயும் பிரிக்க முடியாது.

ஆனா எக்செல்ல திறந்ததும் அப்படியே நம்பிறாதீங்க. முதல் தொல்லை தேதி. நம்ம 05/06/2025ன்னா ஜூன் 5, கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில செட் ஆகியிருந்தா அத மே 6ன்னு எடுத்துக்கும். 12ம் தேதிக்கு மேல உள்ளதெல்லாம் 13வது மாசம்னு ஒண்ணு இல்லாததால தேதியாவே எடுக்காம வெறும் எழுத்தா இடதுபக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கும். கட்டத்துல பாதி வலதுபக்கமும் பாதி இடதுபக்கமும் நின்னா இதுதான் காரணம்னு புரிஞ்சுக்கங்க. டேட்டா மெனுவுல டெக்ஸ்ட் டு காலம்ஸ்னு இருக்கும், அதுல கடைசிப் படியில டேட்ல டிஎம்ஒய்ன்னு (நாள், மாசம், வருஷம்) தேர்ந்தெடுத்தா எழுத்தா நின்னது சரியாகும், ஏற்கனவே மாசமும் நாளும் மாறி உக்காந்தது மாறாது. அதனால ஃபைல டபுள் கிளிக் பண்ணி திறக்காம, முதல்லயே விண்டோஸ்ல ரீஜியன இந்தியான்னு மாத்திட்டு திறக்குறதுதான் நல்லது. ரெண்டாவது தொல்லை ரெஃபரன்ஸ் நம்பர். யுபிஐ நம்பர் 12 இலக்கம், எக்செல் அத 5.12இ பிளஸ் 11ன்னு சுருக்கிக் காட்டும், கட்டத்த நம்பர் ஃபார்மட்டுக்கு மாத்துனா பழையபடி வந்துடும். ஆனா கணக்கு நம்பர் 15 இலக்கத்துக்கு மேல இருந்தா எக்செல் 15க்கு அப்புறம் வர்ற எல்லாத்தையும் சைபரா ஆக்கிடும், அது திரும்பவே வராது. முன்னாடி இருக்குற சைபரையும் முழுங்கிடும். அதனால சிஎஸ்வியா இருந்தா டேட்டா மெனு வழியா உள்ள கொண்டுவந்து அந்தக் கட்டத்த டெக்ஸ்ட்னு சொல்லிடுங்க. மூணாவது, தொகைக்கு பின்னாடியே டிஆர் (பற்று, அதாவது டெபிட்), சிஆர் (வரவு)னு ஒட்டியிருந்தா கூட்டுனா சைபர்தான் வரும், ஃபைண்ட் ரீப்ளேஸ்ல அத எடுத்துடணும், ஆனா எடுக்குறதுக்கு முன்னாடி எது வரவு எது பற்றுன்னு தனிக் கட்டத்துல குறிச்சுக்கங்க.

எக்செல் குடுக்காத பேங்க்கும் இருக்கு. அப்ப பிடிஎஃப்ல இருந்தே எடுக்கணும், பாஸ்வேர்ட் போட்ட ஃபைல்னா முதல்ல கீழ சொல்ற மாதிரி பாஸ்வேர்ட் இல்லாத நகல் எடுத்துக்கங்க. புது மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்ல டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல்னு போனா ஃப்ரம் பிடிஎஃப்னு இருக்கும். அது இல்லாதவங்களுக்கு டபுலான்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, உங்க கம்ப்யூட்டர்லயே ஓடும், பிடிஎஃப்ல அட்டவணை இருக்குற இடத்த மவுஸால கட்டம் போட்டா சிஎஸ்வியா எடுத்துக் குடுக்கும். எதுல எடுத்தாலும் பக்கம் மாறுற இடத்துல ஒரு வரி விட்டுப்போகும், இல்ல ஒரு பெரிய விவரம் ரெண்டு வரியா பிஞ்சு நிக்கும், இது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான். அத கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கு, இத மட்டும் தயவுசெஞ்சு விடாதீங்க. ஆரம்ப இருப்போட மொத்த வரவ கூட்டி மொத்த பற்ற கழிச்சா கடைசி இருப்பு வரணும். 18,450 இருப்பு, வரவு 1,32,000, பற்று 1,27,300ன்னா கடைசியில 23,150 நிக்கணும். நிக்கலைன்னா எந்த இடத்துல விட்டுச்சுன்னு பாக்க, ஒவ்வொரு வரியிலயும் மேல் வரி இருப்போட இந்த வரி வரவ கூட்டி பற்ற கழிச்சு, அதுல இருந்து இந்த வரி இருப்ப கழிக்கிற மாதிரி ஒரு ஃபார்முலா போட்டு கீழ வரைக்கும் இழுத்து விடுங்க, எல்லாம் சைபர் வரும், சைபர் வராத இடத்துக்குப் பக்கத்துலதான் விட்டுப்போன வரி இருக்கும். பல பக்க ஸ்டேட்மென்ட்ட கண்ணால தேடுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இல்ல தம்பி, எனக்கு எக்செல்லாம் வேணாம், அந்த பிடிஎஃப்லயே கலர் அடிச்சு எழுதணும்னு சொல்றவங்களுக்கு: பிடிஎஃப்ப குரோம்ல போட்டு திறங்க, பாஸ்வேர்ட் குடுங்க, பிரிண்ட் குடுங்க, பிரிண்டர் தேர்ந்தெடுக்குற இடத்துல சேவ் ஆஸ் பிடிஎஃப்னு வச்சு வேற பேர்ல சேமிச்சுக்கங்க. முன்ன பாத்த செக்யூரிட்டி டேப்ல பிரிண்டிங் அலவ்டுன்னு இருந்தா இது வேலை செய்யும். புதுசா வந்த ஃபைலுக்கு பாஸ்வேர்டும் இருக்காது, எழுதுறதுக்கு தடையும் இருக்காது. சேமிச்ச ஃபைல திறந்து ஒரு வரி மேல மவுஸ இழுத்துப் பாருங்க, எழுத்து நீலமா செலக்ட் ஆச்சுன்னா நல்லது, தேடுனாலும் கிடைக்கும். ஆகலைன்னா அது படமா மாறிடுச்சு, கலர் அடிக்கலாம் எழுதலாம், ஆனா பேரு போட்டு தேட முடியாது.

ஆண்ட்ராய்டு போன்ல கூகுள் டிரைவோட பிடிஎஃப் வியூவர்ல திறந்து, மூணு புள்ளிய அமுக்கி பிரிண்ட்டுக்கு போய் மேல சேவ் ஆஸ் பிடிஎஃப்னு மாத்திப் பாருங்க, நகல் வந்துச்சுன்னா இதே வேலைதான். ஐபோன்ல ஃபைல்ஸ்ல திறந்து ஷேர்ல பிரிண்ட் குடுத்து, அங்க சின்னதா தெரியுற பக்கத்த ரெண்டு விரலால விரிச்சா முழு பிடிஎஃப்பா திறக்கும், அத அப்படியே சேமிச்சுக்கலாம். ஆனா போன் திரையில பக்கம் பக்கமா எழுதுறது கண்ணுக்கு பெரிய கஷ்டம், பத்து வரின்னா சரி, கடை ஸ்டேட்மென்ட்டுக்கு கம்ப்யூட்டர்தான் சரி.

பிரிண்டும் அலவ் இல்லைன்னா? கமாண்ட் அடிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க வீட்ல இருந்தா கியூபிடிஎஃப்னு ஒரு இலவச டூல் இருக்கு, உங்க பாஸ்வேர்ட குடுத்தா பூட்டில்லாத நகல் எடுத்துத் தரும், அதுவும் உங்க கம்ப்யூட்டர்லயே. உங்க கணக்கு, உங்க பாஸ்வேர்ட், உங்க வசதிக்கு ஒரு நகல், அந்த அளவுல நிறுத்திக்கங்க. இன்னொருத்தரு ஸ்டேட்மென்ட்டுன்னா அவருகிட்ட கேக்காம செய்யாதீங்க. இதெல்லாம் தெரியாதுன்னா பிராஞ்சுல போய் பேப்பர்ல எடுத்துட்டு வாங்க, பென்சிலுக்கு எந்தப் பூட்டும் கிடையாது.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். பிடிஎஃப் அன்லாக்னு தேடுனா இலவசமா பூட்டு எடுத்துத் தர்றோம்னு எத்தனையோ வெப்சைட் வரும், ஃபைல அப்லோட் பண்ணுங்க, பாஸ்வேர்ட போடுங்கன்னு. பண்ணாதீங்க. அந்த ஃபைல்ல உங்க பேரு, வீட்டு விலாசம், கணக்கு நம்பர், எந்தத் தேதியில எவ்வளவு வருது, யாருக்கு கடன் கட்டுறீங்க, எந்த ஆஸ்பத்திரிக்கு போனீங்க எல்லாம் இருக்கு. பேங்க்ல இருந்து பேசுறோம்னு போன் பண்ணி, நேத்து நீங்க இவ்வளவு ரூபா போட்டீங்கல்லன்னு ஒருத்தன் சரியா சொன்னா யாருக்கு சந்தேகம் வரும் சொல்லுங்க, நல்லா படிச்சவங்களே நம்பிடுவாங்க. மேல சொன்ன எல்லா வழியும் உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே போன்குள்ளயே முடியுது, வெளிய குடுக்க அவசியமே இல்ல.

ஜெராக்ஸ் கடையும் அப்படித்தான். சிம்மக்கல்லு, கோரிப்பாளையம் பக்கம் எந்தக் கடைக்கு போனாலும் கவுண்டர்ல ஒரு வாட்ஸ்அப் நம்பர் ஒட்டியிருக்கும், அண்ணே இதுக்கு அனுப்பிடுங்கம்பாங்க, நம்மளும் ஸ்டேட்மென்ட்ட அனுப்பி கீழயே பாஸ்வேர்டையும் டைப் பண்ணி அனுப்புவோம். அது அந்தக் கடை கம்ப்யூட்டர்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல நூறு பேரு ஆதாரோட சேந்து கிடக்கும். கடைக்காரரு நல்லவருதான், ஆனா அந்த கம்ப்யூட்டர்ல நாளைக்கு யாரு உக்காருவாங்கன்னு அவருக்கே தெரியாது. பாஸ்வேர்ட டைப் பண்ணி அனுப்பாம நேர்ல நீங்களே போடுங்க, பிரிண்ட் வந்ததும் டவுன்லோட்ஸ்ல இருந்தும் ரீசைக்கிள் பின்ல இருந்தும் அழிக்கச் சொல்லி நின்னு பாத்துட்டு வாங்க, வாட்ஸ்அப்ல அனுப்புனதையும் எல்லாருக்கும் டெலீட் குடுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, நயமா கேட்டா சரிண்ணேன்னு செஞ்சு தருவாங்க.

நகல் கையில வந்தாச்சுன்னா எழுதுறது எப்படின்னு கொஞ்சம். மூணு கலருக்கு மேல போகாதீங்க. கடைச் செலவு மஞ்ச, வீட்டுச் செலவு பச்ச, என்னன்னே தெரியலைன்னா ரோஸ். அடோபி ரீடர்ல இலவசமாவே கலர் அடிக்கலாம், ஒட்டுக் குறிப்பு வைக்கலாம், விண்டோஸ்ல இருக்குற எட்ஜ்லயும் கலர் அடிக்கலாம். ஒட்டுக் குறிப்புல ஒரு விஷயம் கவனிங்க, அந்த சின்ன மஞ்ச ஐகானுக்குள்ள எழுதுனது பேப்பர்ல பிரிண்ட் எடுத்தா வராது, ஐகான் மட்டும்தான் வரும். ஆடிட்டருக்கு பேப்பர்ல குடுக்கணும்னா டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு வெளிய தெரியுற மாதிரி எழுதுங்க, இல்ல பிரிண்ட் பெட்டியில சம்மரைஸ் கமெண்ட்ஸ்னு இருக்குறத அமுக்குங்க, குறிப்பெல்லாம் தனிப் பக்கமா வரும். எழுதும்போது சுருக்கமா ஆனா முழுசா எழுதுங்க. "லாரி"ன்னு எழுதுனா போதாது, "வத்தல் லோடு வாடகை, பில் இல்ல, வவுச்சர் போடணும்"னு எழுதுனாத்தான் பின்னாடி உதவும்.

ஸ்டேட்மென்ட்ல வர்ற சுருக்கெழுத்துல நாலஞ்சு தெரிஞ்சா பாதி ரோஸ் கலர் குறைஞ்சுடும். ஏசிஎச் இல்ல நாச்னு இருந்தா அது இஎம்ஐ, இன்சூரன்ஸ், எஸ்ஐபி (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்ட்ல போடுறது) மாதிரி நீங்க முன்னாடியே கையெழுத்து போட்டு தானா எடுக்குற பணம். சிடிஎம்னா மெஷின்ல நீங்களே போட்ட ரொக்கம். என்இஎஃப்டிக்கு 16 எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், ஆர்டிஜிஎஸ்க்கு 22, பணம் வரலைன்னு எதிராளி சொன்னா அந்த நம்பரத்தான் குடுக்கணும். ரொக்கம் போட்ட வரிக்கு கட்டாயம் குறிப்பு எழுதுங்க, சேவிங்ஸ் கணக்குல ஒரு நிதியாண்டுல ரொக்கமா 10 லட்சம் ரூபாயோ அதுக்கு மேலயோ போட்டா பேங்க்கே வருமான வரித்துறைக்கு சொல்லும், பீபீ குளம் ஆபீஸ்ல இருந்து கேள்வி வந்தா அன்னைக்கு அது சரக்கு வித்த காசா, நகை வித்த காசா, சீட்டு எடுத்ததான்னு ஞாபகத்துல இருந்து சொல்ல முடியாது.

மகளிர் குழு கணக்கு பாக்குற அக்காங்களுக்கு இது இன்னும் உதவும். வாடிப்பட்டி பக்கம் ஒரு குழுவுல பாத்தேன், எல்லாரும் ஒரே தொகைய ஒரே நாள்ல போடுறாங்க, ஸ்டேட்மென்ட்ல வரிசையா ஒரே மாதிரி வரி, அதுல பல பேரு புருஷன் போன்ல இருந்தும் மகன் போன்ல இருந்தும் போட்டதால பேரு வேற. கூட்டம் நடக்குற அன்னைக்கே யாரு போன்ல இருந்து போட்டதுன்னு கேட்டு பக்கத்துல எழுதிட்டா, கட்டலைன்னு ஒருத்தர ஒருத்தர் சொல்ற பேச்சே வராது. அந்தக் குழு எழுத்தரம்மா இதுக்காகவே பிரிண்ட் எடுத்துட்டு வந்து கூட்டத்துலயே பென்சில்ல எழுதுறாங்க, அப்புறம் வீட்ல போய் மக கிட்ட குடுத்து எக்செல்ல ஏத்துறாங்க. நல்ல பழக்கம் அது.

குறிப்பு எழுதுன நகல எங்கயும் சமர்ப்பிக்காதீங்க. லோனுக்கோ விசாவுக்கோ கேட்டா பேங்க் அனுப்புன ஒரிஜினல் பிடிஎஃப்ப, பூட்டோட அப்படியே குடுங்க, பாஸ்வேர்ட போன்ல தனியா சொல்லுங்க. குரோம்ல சேமிச்ச நகலோட பிராப்பர்ட்டீஸ்ல போய் பாத்தா உருவாக்குனது வேற ஒரு சாஃப்ட்வேர்னு இருக்கும், பேங்க் பேரு இருக்காது, டிஜிட்டல் கையெழுத்தும் போயிருக்கும். லோன் குடுக்குறவங்க இத பாக்குறாங்க, நீங்க ஒரு ரூபாகூட மாத்தலைன்னாலும் ஏன் வேற ஃபைலா இருக்குன்னு நிறுத்தி வைப்பாங்க. நகல்ல பச்ச டிக் தெரிஞ்சாலும் அது வெறும் படம்தான், அமுக்குனா ஒண்ணும் சொல்லாது. தொகையையோ தேதியையோ பேரையோ மாத்துறது பத்தி நான் பேசவே இல்ல, அது போலி ஆவணம், அந்தப் பக்கமே போகாதீங்க, எவ்வளவு அவசரமா இருந்தாலும்.

எடுத்து வைக்கிறதுக்கு ரெண்டு ஃபோல்டர் போதும், ஒரிஜினல்னு ஒண்ணு, குறிப்புன்னு ஒண்ணு. ஃபைல் பேர 2025-06, பேங்க் பேரு, கணக்கோட கடைசி நாலு நம்பர்னு வச்சா மாச வரிசையில தானா அடுக்கிக்கும். நகலுக்கு பாஸ்வேர்ட் போயிட்டதால அத பாதுகாக்குறது இனி உங்க பொறுப்பு. எக்செல்னா ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக்ல என்க்ரிப்ட்னு இருக்கு, அதுல புது பாஸ்வேர்ட் போடுங்க, மத்த ஃபைல செவன் ஜிப்ங்கிற இலவச புரோகிராம்ல பாஸ்வேர்ட் போட்டு கட்டி வைங்க. ஜிஎஸ்டி இருக்குறவங்க கணக்குப் புத்தகத்த அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னோட கடைசித் தேதியில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும், ஸ்டேட்மென்ட்டும் குறிப்பும் அதோட சேந்தே இருக்கட்டும். பழைய வருஷம் நெட்பேங்கிங்ல எப்பவும் கிடைக்கும்னு இருக்காதீங்க, எவ்வளவு பின்னாடி போகலாம்ங்கிறது பேங்க்குக்கு பேங்க் மாறும்.

கடைசியா அந்த ரோஸ் கலர் வரிங்க. வீட்ல கேட்டாச்சு, கடைப் பையன்கிட்ட கேட்டாச்சு, யாரும் போடலைங்கிறாங்கன்னா அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விடாதீங்க. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையில போட்ட சுற்றறிக்கைப்படி, நம்ம மேலயும் பேங்க் மேலயும் தப்பில்லாம வெளியாள் யாரோ எடுத்த பணம்னா, பேங்க்ல இருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நமக்கு நஷ்டம் கிடையாது, 4ல இருந்து 7 வேலை நாளுக்குள்ள சொன்னா ஒரு வரம்பு வரைக்கும் நம்ம ஏத்துக்கணும், அதுக்கு மேல போனா பேங்க் வச்சிருக்குற கொள்கைப்படிதான். அதனால ஸ்டேட்மென்ட் வந்த அன்னைக்கே ஒரு தடவ மேலோட்டமாவாவது பாத்துடுங்க, சாவகாசமா எழுதுறத ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். மோசடின்னு தெரிஞ்சா சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு உடனே போன் பண்ணுங்க, பேங்க்கோட கஸ்டமர் கேர் நம்பருக்கும் பண்ணுங்க, அந்த நம்பர கூகுள்ல தேடி எடுக்காம ஏடிஎம் கார்டு பின்னாடி இருக்குறத பாத்து போடுங்க. தேதி, தொகை, அந்த 12 இலக்க ரெஃபரன்ஸ் மூணையும் கையில வச்சுக்கிட்டு பேசுங்க, புகார் நம்பர் குடுக்காம போன வைக்க விடாதீங்க, குடுத்ததும் எத்தனை மணிக்கு பேசுனோம்ங்கிறதோட அந்த ரோஸ் வரிக்கு பக்கத்துலயே எழுதிடுங்க.